தாத்தாவின் இடது கை

போன ஆகஸ்ட் 15 அன்று காலை, எங்கள் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் தாத்தாவின் பட்டாளத்துப் படத்தைப் போட்டேன். அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோவை எப்போதோ செல்போனில் பிடித்து வைத்திருந்தேன். ஆறு பேர் இருக்கும் படம். அதில் தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடியில் விழுந்திருந்த டியூப்லைட் வெளிச்சத்தை அழித்து, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் ஒரு செயலியில் போட்டேன். செயலி காக்கிச் சட்டையைப் பச்சையாக்கியது. தாத்தாவைச் சிவப்பாக்கியது. எங்கள் தாத்தா அடுப்புக்கரிக்கு அண்ணன். சித்திரை வெயிலில் ஏர் ஓட்டிவிட்டு வந்து நின்றால் முதுகு மின்னும். அந்த மனிதர் செல்போனில் பால்கோவா நிறத்தில் நின்றார். இருந்தும் போட்டேன். கீழே ‘பர்மா களம் கண்ட எங்கள் குலவீரன்’ என்று ஒரு வரி வேறு. இப்போது அதைத் திரும்ப எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

மதியத்துக்குள் கைகூப்பல்களும் கொடிகளும் குவிந்துவிட்டன. ‘வீரவணக்கம்’ என்று பதினோரு பேர். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் படத்தை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். நானும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அத்தை கூப்பிட்டார். அவருக்கு எழுபத்தேழு வயது. பேத்திதான் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

“படம் பாத்தேன்டா. நல்லாத்தான் கீது. தாத்தா கை எங்கடா?”

எனக்குப் புரியவில்லை. செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைப் பார்த்தேன். தாத்தாவின் வலது கை தொடையை ஒட்டி விறைப்பாக இருந்தது. இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. படத்தின் ஓரம் அங்கேதான் முடிகிறது. அதை வெட்டும்போதே கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகம் நன்றாக வந்திருந்தது, கை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

“கை பக்கத்து ஆள் தோள் மேல இருந்துச்சுடா. அவரை இன்னாத்துக்கு வெட்டுன?”

இதற்கு என்ன பதில் சொல்வது? “தாத்தா மட்டும் தெரியட்டும்னு” என்று இழுத்தேன். அத்தை “ம்” என்றார். பிறகு மழை, மாடு, முழங்கால் வலி என்று பேச்சு வேறு பக்கம் போனது. ஆனால் அந்த “ம்” எனக்குள் ஒரு வாரம் கிடந்து உறுத்தியது.

பேனல் தூக்கிய கதை

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துப் படம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தெருவுக்கு நாலு வீட்டில் டிரங்குப் பெட்டி, டிஸ்சார்ஜ் புக், சீமைப் பீங்கான் கிண்ணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் தாத்தா போனது மெட்ராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்தின் பொறியியல் படை. பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி அவர்களுடைய லைன். 1780இல் ஆரம்பித்த படை அது. தென்னிந்தியர்கள் சண்டைக்கு ஆகமாட்டார்கள் என்று முடிவு கட்டி, மெட்ராஸ் காலாட்படைகளை வெள்ளைக்காரன் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைத்தபோதும் சாப்பர்களை மட்டும் கலைக்கவில்லை. பாலம் கட்டவும் பாறை உடைக்கவும் கண்ணிவெடி தோண்டி எடுக்கவும் ஆள் வேண்டுமே. அவர்களுக்குத் ‘தம்பி’ என்று செல்லப் பெயர். அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தாத்தா சொல்வார். ஊரில் எல்லாருக்கும் அண்ணனாக இருந்தவர் அங்கே போய்த் தம்பியானார்.

சின்ன வயதில் நானும் பெரியப்பா பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தாத்தா, எத்தனை ஜப்பான்காரனைச் சுட்ட?” அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார். “எங்கடா சுட்டேன். பேனல் தூக்கினேன்.” எங்களுக்குச் சப்பென்று போய்விடும்.

பேனல் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆனது. பெய்லி பாலம் என்பது இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுவது. ஒரு சட்டம் பத்தடி நீளம், ஐந்தடி உயரம். எடை 570 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 260 கிலோ. கிரேன் வராத காட்டிலும் மனிதர்களே கட்டி முடிக்க வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கு. சட்டத்துக்குக் குறுக்கே மூன்று தடிகளைச் செருகி, பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் தூக்குவார்கள். கொண்டுபோய்ப் பொருத்தி, ஓட்டைக்கு ஓட்டை நேராக வைத்துப் பின் அடித்தால் ஒரு சட்டம் முடிந்தது. பிறகு அடுத்தது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்துவின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளை விட்டு இப்படி ஒரு பாலம் கட்டினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். பிரிட்டிஷ் பதினான்காம் படை அதன் மேல்தான் ஆற்றைக் கடந்தது. தாத்தா வாயிலிருந்து ‘சிந்துவன் ஆறு’ என்று கேட்டிருக்கிறேன். அது ஏதோ சிந்து நதி என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் ‘எங்க தாத்தா பாகிஸ்தான்ல சண்டை போட்டாரு’ என்று சொல்லித் திரிந்தவன் நான்.

தாத்தா சொன்னதெல்லாம் எடைதான், இப்போது யோசித்தால். எது எத்தனை பேர் சுமை, எந்த மிதவை எவ்வளவு தாங்கும், நனைந்த கயிறு எவ்வளவு கனக்கும். ஆறு பேரில் ஒருவன் குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விளக்கமே கொடுப்பார். குட்டையானவனுக்குச் சுமை ஏறாது, அவனுக்கு எதிரே நிற்பவனுக்குத்தான் ஏறும். அதனால் ஒரே உயரத்து ஆளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். “தூக்கும்போது ஒருத்தன் தும்முனா கூட ஆறு பேரு காலும் போச்சு” என்பார். இதையெல்லாம் நாங்கள் போர்க்கதை என்று எண்ணவே இல்லை.

குழுவில் நடந்த சண்டை

அத்தையின் கேள்வி உறுத்திக்கொண்டிருந்த அதே வாரம் குழுவில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட படத்தைப் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், அவருடைய நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். போகிற வழியில் என் வரி மாறிவிட்டது. திரும்பி வந்தபோது தாத்தா ‘நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் போரிட்ட வீரத்தமிழர்’ ஆகியிருந்தார். அதற்கு மேல் கைகூப்பல்கள்.

நான் விடவில்லை. பெரியப்பா வீட்டில் இருக்கும் பதக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் போட்டேன். ஆறு முனை நட்சத்திரம். நடுவில் கிரீடமும் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகளும். சுற்றிலும் ‘தி பர்மா ஸ்டார்’ என்று ஆங்கிலத்தில். ஜப்பானோடு சேர்ந்திருந்த நேதாஜி படையை (ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவம்) எதிர்த்து நின்ற பக்கத்துக்குக் கொடுத்த பதக்கம் இது என்று எழுதினேன். (இந்த நட்சத்திரத்தை ஒரு மாட்டுப் பொங்கலுக்குச் சித்தப்பா செவலைக் காளையின் நெற்றியில் கட்டிவிட்டு, அது புதரில் போய் உரசித் தொலைத்து, மூன்று நாள் கழித்துக் கிடைத்ததாம். ஒரு முனை லேசாக வளைந்திருப்பதற்குக் காரணம் போர் இல்லை, செவலை.) அண்ணனுக்குக் கோபம். “அப்போ தாத்தா வெள்ளைக்காரனுக்கு வேலை செஞ்சாருன்னு ஊரெல்லாம் சொல்லணுமா?” என்று கேட்டார். குழு அமைதியாகிவிட்டது. யாரோ ஒருவர் திருப்பதி லட்டுப் படம் போட்டுப் பேச்சை மாற்றினார்.

அண்ணனின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. 1944இல் இம்பால் பக்கத்து மலைகளில் இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள். மலாயா தோட்டங்களில் பால்வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஐ.என்.ஏ.வில். வட ஆற்காட்டிலும் சேலத்திலும் இருந்து போனவர்கள் இந்தப் பக்கம். பின்னாளில் அந்தப் பக்கத்துக்குத் தியாகிப் பட்டமும் ஓய்வூதியமும் வந்தது, நியாயம்தான். இந்தப் பக்கம் இருந்தவர்கள் மொத்தம் 25 லட்சம் பேர் என்கிறது கணக்கு. அவர்களில் எங்கள் தாத்தாவைப் போலப் போர்க்காலத்துக்கு மட்டும் இருந்துவிட்டு 1946இல் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அவர்களை எந்தக் கதையில் வைப்பது என்று சுதந்திர இந்தியாவுக்கும் தெரியவில்லை, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் தெரியவில்லை. அண்ணன் அவருக்குத் தெரிந்த நல்ல கதை ஒன்றுக்குள் தாத்தாவைத் தூக்கி வைத்தார்.

ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? அவர் தாத்தாவை ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாற்றினார். நான் ஆறு பேரிலிருந்து தனியாகப் பிய்த்து எடுத்து, நிறம் மாற்றி, குலவீரன் என்று பெயர் வைத்தேன். இரண்டில் எது பெரிய புளுகு என்று தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுவாரம் அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன்.

சட்டத்தைக் கழற்றியபோது

படம் கூடத்தில் காலண்டருக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவே தொங்குகிறது. இறக்கி, பின்னால் அடித்திருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். அட்டைக்கும் படத்துக்கும் நடுவே பழைய தினத்தாள் ஒன்று பழுப்பாக மடிந்து கிடந்தது. இரட்டைவால் பூச்சி ஒன்று ஓடியது. படத்தின் மேல் விளிம்பு கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்ததால் உரிக்கவில்லை. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்று படம் பிடிக்கும் நண்பர் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். கீழ்ப் பகுதியை மட்டும் மெல்லத் தூக்கிப் பின்புறம் பார்த்தேன். பெயர்கள் இருக்கும் என்று ஆசை. ஸ்டுடியோவின் ஊதா முத்திரை பாதி அழிந்திருந்தது. ‘பெங்களூர்’ என்பது மட்டும் ஆங்கிலத்தில் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“அதுல இன்னா தேடுற? என்னைக் கேளு” என்றார் அத்தை. கண்ணாடியின் மேல் விரல் வைத்து இடமிருந்து வலமாகச் சொன்னார். உட்கார்ந்திருக்கும் மூவர்: மேஸ்திரி, சேலத்தாரு, ஓசூர்க்காரரு. மேஸ்திரி நிஜமாகவே கொத்தனாராக இருந்து பட்டாளத்துக்குப் போனவர். ஓசூர்க்காரர் தெலுங்குதான் பேசுவாராம். நிற்கும் மூவர்: செங்கல்பட்டாரு, நம்ம தாத்தா, கிட்ணகிரியாரு. இவர்கள்தான் ஒரே பேனலைத் தூக்கிய ஆறு பேர் என்று ஆயா, அதாவது எங்கள் பாட்டி, சொல்வாளாம். இது அப்படியே சரியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. 1943 கடைசியில் பெங்களூரில் எடுத்த படம். அந்தப் பேனலை அப்போது அவர்கள் கண்ணால் கண்டிருந்தாலே அதிகம். ஆயா படத்தில் இருந்த ஆறையும் கதையில் இருந்த ஆறையும் ஒன்றாக்கியிருப்பாள். ஆனால் அதை அத்தையிடம் சொல்லவில்லை.

தாத்தாவின் இடது கை கிட்ணகிரியாரின் தோளில் இருந்தது. அதிகாரத்தோடு எடுத்த படம் இல்லையே, விடுப்பு நாளில் சொந்தக் காசு போட்டு எடுத்தது. அதனால்தான் மற்றவர்கள் விறைப்பாக இருக்க இவர்கள் இருவர் மட்டும் கொஞ்சம் கலைந்து நிற்கிறார்கள். கிட்ணகிரியார் சிரிப்பை அடக்குவது தெரிகிறது.

“அவரு வரலை” என்றார் அத்தை. “ஆத்துல போயிட்டாரு. மிதவை கட்டும்போது. பொணம் கூட கெடைக்கல.”

தாத்தா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. ஆயாவிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரு சந்தர்ப்பம் வந்ததால். அத்தைக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு பெண் ஒன்பது, பத்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தாளாம். கிட்ணகிரிப் பக்கத்தில் ஒரு கிராமம். புருஷனிடமிருந்து வந்த பழைய கடிதங்களில் வேலூர்ப் பக்கத்து நண்பன் என்று எழுதியிருந்த ஊர்ப் பெயரை வைத்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். மணியார்டர் நின்ற பிறகு தந்தி வந்தது, அப்புறம் காகிதம் வந்தது, பணமும் ஏதோ வந்தது. அவள் கேட்டு வந்தது அதெல்லாம் இல்லை. பையன் வயிற்றில் இருக்கும்போது போனவர். பையனுக்கு அப்பா முகம் தெரியாது. ஒரு படம் இருக்குமா என்று கேட்டாளாம்.

இருந்தது இந்த ஒரு படம். அவள் இதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை தரவே இல்லையாம். ஆயா தவித்திருக்கிறாள், எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று. “எங்கம்மாவும் லேசுப்பட்டவ இல்ல, ‘எங்க வீட்டுக்காரரும் அதுலதான் கீறாரு’ன்னுட்டா” என்று சிரித்தார் அத்தை. தாத்தா படத்தைத் துண்டில் சுற்றி, அந்த அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனார். ஸ்டுடியோவில் படத்தைப் படமெடுத்து, கிட்ணகிரியாரை மட்டும் தனியாக்கிப் பெரிதுபண்ணித் தரச் சொன்னார். அப்போதெல்லாம் இதற்கென்றே ஸ்டுடியோக்களில் டச்சிங் செய்கிறவர்கள் இருப்பார்கள். தூரிகையும் பென்சிலும் வைத்து, பக்கத்து ஆட்களை அழித்து, பின்னால் மேகம் வைத்து, மாலை போட்டு மாட்டுவதற்குத் தோதாக்கிக் கொடுப்பார்கள்.

நான் அந்த இடத்தில் அத்தையை நிறுத்தி, “அப்போ தாத்தாவும் வெட்டுனாரா?” என்று கேட்டேன். எனக்கு அது ஒரு விடுதலை போல இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாரமாகக் குற்றம் செய்தவன் மாதிரி அலைந்துகொண்டிருந்தேனே.

“வெட்டுனாரு. ஆனா கைய வெட்டல” என்றார் அத்தை.

ஸ்டுடியோக்காரர் கேட்டாராம், தோளில் நாலு விரல் இருக்கிறது, அதைச் சட்டைத் துணியாகவே தீட்டி மறைத்துவிடட்டுமா என்று. தாத்தா “இருக்கட்டும்” என்றாராம். அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கும், அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றார் அத்தை. படம் தயாராக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்தப் பையன் அத்தைக்குப் பனங்காய் வண்டி செய்து கொடுத்தான். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

தேடியது

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914இலிருந்து 1919 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். பெயர்கள் இல்லை. இந்த மாதிரிக் கற்கள் நாட்டில் எத்தனையோ ஊர்களில் உண்டு. எண்ணிக்கை மட்டும் மாறும். சின்ன வயதில் பூ வாங்க அம்மாவோடு போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். யார் அந்தப் பதினாலு பேர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாம் போருக்கு அந்த விஷயத்தில் நிலைமை மேல். ரங்கூனுக்கு வடக்கே தவுக்சான் என்ற இடத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு அங்கே தூண் தூணாக நிற்கும் நினைவகத்தில் சுமார் 27,000 பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று போட்டால் பட்டியல் இறங்கிக்கொண்டே போகிறது. முனிசாமிகள், பெருமாள்கள், சின்னசாமிகள். அப்பா பெயரும் ஊரும் சிலருக்கு இருக்கிறது, ஆங்கில எழுத்தில் குதறப்பட்டு. கிருஷ்ணகிரி மாவட்டமானது 2004இல்தான். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. எனவே சேலம் என்று போட்டும் பார்த்தேன். நிறைய சாப்பர்கள் வந்தார்கள். ‘கிட்ணகிரியாரு’ என்று யாரும் இல்லை. வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்களே. அது எங்கள் ஆயா வீட்டில் அவருக்கு இருந்த பெயர்.

இத்தாலியில் 1944 பிப்ரவரியில் வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்ரமணியனும் மெட்ராஸ் சாப்பர்தான். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆற்றில் மிதவை கட்டும்போது கால் வழுக்கியவருக்குப் பதக்கக் குறிப்பு எழுத யாருக்கும் தோன்றாது. அவரைப் பற்றி இருப்பது அத்தையின் வாய்வார்த்தையும் வேறு ஏதோ ஒரு சுவரில் இருக்கும், அல்லது இருந்த, ஒரு படமும்.

போன மாதம் படத்தை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை கழற்றாமல், திண்ணையில் நிழலில் சாய்த்துவைத்து, பின்னால் கறுப்புப் போர்வை பிடிக்கச் சொல்லி, கண்ணாடி பளபளக்காமல் நேராக நின்று எடுத்தேன். நிறம் ஏற்றவில்லை. மேல் விளிம்பில் ஒட்டிய கறை அப்படியே இருக்கிறது. குழுவில் ஆறு பேரையும் போட்டேன். யார் யார் என்று அத்தை சொன்னபடி எழுதினேன். அண்ணன் நெடுநேரம் கழித்து, “மேஸ்திரி நம்ம சித்தப்பா மாதிரியே இருக்காரு” என்று ஒரு வரி போட்டார். எங்களுக்குள் சமாதானம் அதுதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு வாத்தியார்களுக்கும் அனுப்பினேன். கூடவே என்ன எழுதுவது என்று அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே யோசித்தேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கடைசியில் இப்படி எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டினேன்: ‘பட்டாளச் சட்டையில் ஒருவர், சிரிப்பை அடக்கியபடி. பின்னால் மேகம். வலது தோளில் வேறொருவருடைய நாலு விரல். இந்தப் படம் எந்த வீட்டிலாவது இருந்தால், அந்த விரல்கள் எங்கள் தாத்தாவுடையவை.’

அத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு செல்போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சுன்னு போடுடா. கட்டவெரலு பின்னாடி கீது.”